ஆய்விதழ்ச் சந்தா ஆண்டுதோறும் ஏறுகிறதே, அதற்கேற்ற மதிப்பு கிடைக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்ச் சந்தாக்களைக் கவனிக்கும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆண்டு முடியப்போகும் நேரத்தில் புதுப்பிப்புக் கடிதங்கள் வரிசையாக வந்து சேரும். கீழே அடுத்த ஆண்டுக்கான தொகை இருக்கும். மேலே, "எங்கள் இதழ்கள் உங்களுக்குத் தரும் மதிப்பு கூடியிருக்கிறது" என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியை நம்பலாமா என்று பேராசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் நிதிப் பிரிவினரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விலை உண்மையிலேயே அவ்வளவு ஏறியிருக்கிறதா? நூலகர்கள் எப்போதுமே இப்படித்தான் புலம்புவார்களா?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைவிட வசதியான நூலகம் உலகில் அதிகம் இல்லை. அங்கேயே 2012 ஏப்ரலில் நூலகத்துக்கான பேராசிரியர் ஆலோசனைக் குழு எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பியது. குறிப்பிட்ட சில பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 37.5 லட்சம் டாலர் போகிறது; சில இதழ்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 40,000 டாலர் வரை கேட்கின்றன; 2 பெரிய நிறுவனங்களின் இணைய இதழ்களின் விலை 6 ஆண்டுகளில் சுமார் 145 சதவீதம் ஏறிவிட்டது; இந்த நிலை நீடிக்க முடியாதது என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த 6 ஆண்டுகளில் பொதுவான விலைவாசி இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

எல்லா உயர்வும் இப்படித் திடுக்கிட வைக்காது. பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதம் என்று அமைதியாக ஏறும். ஒப்பந்தத்தில் அதை "உச்சவரம்பு" என்று எழுதியிருப்பார்கள். ஏதோ சலுகை மாதிரி தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகளில் விலை இரண்டு மடங்கு. நூலகத்தின் பட்ஜெட் அந்த வேகத்தில் வளர்வதில்லை. பற்றாக்குறையை எங்கிருந்து எடுப்போம்? நூல்கள் வாங்க ஒதுக்கிய பணத்திலிருந்துதான். 1980-களிலிருந்து உலகெங்கும் நூலகங்களில் இதுதான் நடந்துவருகிறது. இதைத் தொடரிதழ் நெருக்கடி என்று சொல்வார்கள். அதிகம் அடிபட்டவை இதழைவிடப் புத்தகத்தை நம்பியிருக்கும் துறைகள்: வரலாறு, இலக்கியம், மெய்யியல்.

பதிப்பகங்கள் சொல்லும் காரணம் என்ன?

ஆண்டுதோறும் கட்டுரைகளின் எண்ணிக்கை கூடுகிறது, இணையதளத்தில் புதிய வசதிகள் சேர்கின்றன, போலிக் கட்டுரைகளைப் பிடிக்க ஆள் வைக்க வேண்டியிருக்கிறது, உங்கள் வாசகர்கள் முன்பைவிட அதிகமாகப் பதிவிறக்குகிறார்கள் என்பார்கள். கடைசியாக ஒரு வரைபடம் காட்டுவார்கள். பதிவிறக்கம் ஒன்றுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும் கோடு அது. மொத்த விலை ஏறினாலும் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் நீங்கள் தருவது குறைகிறது, ஆகவே உங்களுக்கு லாபம் என்பது வாதம்.

அந்தக் கோடு பொய்யா?

பொய் இல்லை. எண்கள் சரியாகத்தான் இருக்கும். அவை எதை அளக்கின்றன என்பதில்தான் சிக்கல்.

ஒரு மாணவி ஒரு கட்டுரையைத் திறக்கிறாள் என்று வையுங்கள். இணையப் பக்கமாக முழுக்கட்டுரையும் விரிகிறது. ஒரு பயன்பாடு. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பிடிஎஃப் கோப்பையும் இறக்குகிறாள். இரண்டாவது பயன்பாடு. படித்தது ஒரு கட்டுரை, கணக்கில் ஏறியது இரண்டு. பயன்பாட்டை எண்ணுவதற்கு உலகப் பொது விதிமுறையாக இருப்பது கவுன்டர். அதன் 5-ஆம் பதிப்பு 2019-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான், ஒரே அமர்வில் ஒரே கட்டுரையை எத்தனை முறை தொட்டாலும் ஒன்றாகவே எண்ணும் கணக்கு சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்களை வைத்து யாராவது "மதிப்பு கூடிவிட்டது" என்றால், அவர்களுடைய இணையதளம் கட்டுரையை எந்த வடிவில் முதலில் திறக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். திறக்கும் விதத்தை மாற்றினாலே எண்ணிக்கை மாறிவிடும்.

இரட்டை எண்ணிக்கையைக் கழித்துவிட்டாலும் ஒரு பெரிய கேள்வி மிஞ்சுகிறது. திறந்து பார்த்து, "இது நமக்கு வேண்டியது இல்லை" என்று மூடிய கட்டுரையும் ஒரு பதிவிறக்கம். ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வின் போக்கையே மாற்றிய கட்டுரையும் ஒரு பதிவிறக்கம்தான். அப்புறம், எந்த விலையோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். தனிக்கட்டுரை ஒன்றுக்கு முப்பது, நாற்பது டாலர் என்று கட்டணச் சுவரில் போட்டிருப்பார்களே, அந்த விலையோடுதான் ஒப்பீடு. அந்த விலையில் கட்டுரை வாங்கிய ஒருவரை இத்தனை ஆண்டுகளில் நான் சந்தித்ததே இல்லை.

கட்டுரைகள் அதிகமாகின்றன என்ற வாதமும் இப்படித்தான். பதிப்பகம் வெளியிடும் கட்டுரைகள் 6 சதவீதம் கூடினால் அவர்களுக்கு வேலை 6 சதவீதம் கூடலாம். வாசகருக்கு நாளுக்கு 24 மணி நேரம்தான். நிறைய கட்டுரைகள் வந்தால் தனக்குத் தேவையானதைத் தேடிப் பிரிக்கும் சுமைதான் அவருக்குக் கூடுகிறது.

மதிப்பைக் காட்டி விலையை ஏற்றி, பகிரங்கமாகச் சண்டை நடந்ததுண்டா?

உண்டு. இந்த விஷயத்தில் ஈடுபாடுள்ள எல்லாரும் படிக்க வேண்டிய நிகழ்வு அது. 2010-இல், நேச்சர் அறிவியல் இதழை வெளியிடும் நேச்சர் பதிப்பகக் குழுமம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அடுத்த ஆண்டுக்கான விலையைச் சொன்னது. 67 இதழ்கள். இதழ் ஒன்றுக்குச் சராசரியாக 4,465 டாலராக இருந்தது 17,000 டாலருக்கு மேல் போகும். ஏறக்குறைய 4 மடங்கு. அந்த ஜூன் மாதத்தில் பல்கலைக்கழக நூலகத் தரப்பு தன் பேராசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதி விஷயத்தை உடைத்தது. தேவைப்பட்டால் அந்த இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவதையும், மதிப்பாய்வு செய்வதையும், ஆசிரியர் குழுவில் இருப்பதையும் நிறுத்துவோம் என்று எழுதினார்கள்.

பதிப்பகம் பதில் அறிக்கை விட்டது. இதுவரை நீங்கள் 88 சதவீதத் தள்ளுபடியில் இருந்தீர்கள், மற்ற சந்தாதாரர்கள் உங்கள் செலவைச் சுமந்தார்கள், பதிவிறக்கம் ஒன்றுக்கு நீங்கள் தருவது 56 சென்ட் மட்டுமே என்றது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

பல்கலைக்கழகம் வேறொரு கணக்கை எடுத்து வைத்தது. கடந்த 6 ஆண்டுகளில் எங்கள் ஆய்வாளர்கள் உங்கள் இதழ்களுக்கு எழுதித் தந்த கட்டுரைகள் சுமார் 5,300. அவற்றுக்கு நீங்கள் எங்களுக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?

என் மனதை விட்டு இன்றுவரை நீங்காத கேள்வி இது. இரண்டு தரப்பும் "மதிப்பு" என்ற ஒரே சொல்லைத்தான் பேசியது. ஒருவர் வாசிப்பை எண்ணினார், மற்றவர் எழுத்தை எண்ணினார். அந்த ஆகஸ்டில் இரு தரப்பும் சேர்ந்து பேசி முடிப்பதாகக் கூட்டறிக்கை விட்டார்கள்.

சரி, ஓர் ஆய்வுக் கட்டுரையின் மதிப்பை உண்டாக்குவது யார்?

வரிசையாகப் பார்ப்போம். ஆய்வுக்குப் பணம் தருவது பெரும்பாலும் பொது நிதி. ஆய்வைச் செய்து எழுதுவது பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருப்பவர். எழுதியதற்கு இதழ் அவருக்கு எதுவும் தருவதில்லை. அதைப் படித்துக் குறை சொல்லித் திருத்தச் சொல்லும் மதிப்பாய்வாளரும் இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரர். அவருக்கும் ஊதியம் கிடையாது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மதிப்பாய்வுக்காகச் செலவான நேரம் 10 கோடி மணி நேரத்துக்கு மேல் என்று 2021-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 15,000 ஆண்டுகளுக்கும் அதிகமான உழைப்பு, ஒரே ஆண்டில். துறைசார்ந்த ஆசிரியர் குழுவில் இருப்பவர்களும் பெரும்பாலும் பேராசிரியர்கள்தான். அவர்களில் சிலருக்குச் சிறு மதிப்பூதியம் உண்டு.

இதெல்லாம் முடிந்த பிறகு வெளியாகும் கட்டுரைக்கும், ஆசிரியர் முதலில் இணையத்தில் போட்டுவைத்த முன்வரைவுக்கும் எவ்வளவு வித்தியாசம்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக நூலகத்தினர் ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ் தளங்களின் முன்வரைவுகளையும் அவற்றின் அச்சேறிய வடிவங்களையும் கணினி வழியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் எழுத்து மிகக் கொஞ்சமே மாறியிருந்தது. மதிப்பாய்வு வீண் என்று நான் இதை வைத்துச் சொல்லவில்லை. தவறான கட்டுரையைத் தடுத்து நிறுத்துவதில்தான் அதன் பெரிய பயன் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்பவர் மதிப்பாய்வாளர்.

அப்படியானால் பதிப்பகம் ஒன்றுமே செய்வதில்லையா?

அப்படிச் சொல்வது அநியாயம். மதிப்பாய்வாளர்களைத் தேடிப் பிடித்து, நினைவூட்டி, மறுத்தவருக்குப் பதில் வேறொருவரைக் கண்டுபிடிப்பது அலுப்பூட்டும் வேலை. மொழி திருத்த வேண்டும், பக்கம் அமைக்க வேண்டும். கணினி படிக்கும்படி எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்ற வேண்டும். கட்டுரைக்கு நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண் வாங்க வேண்டும். நிறுவனமே மூடிப்போனாலும் கட்டுரை அழியாதபடி காப்பகத்தில் சேர்க்க வேண்டும். நேச்சர் போன்ற இதழ்களில் முழுநேர ஆசிரியர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்து, வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைப் படித்து ஒதுக்குகிறார்கள். அது உண்மையான செலவு.

எவ்வளவு செலவு என்பதுதான் கேள்வி. க்ரோஸ்மன், பிரெம்ப்ஸ் என்ற இருவர் 2021-இல் இந்த வேலைகளுக்கான சந்தை விலைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். கட்டுரை ஒன்றுக்கு 200 டாலருக்கும் குறைவிலிருந்து, பத்தில் ஒன்பதைத் திருப்பி அனுப்பும் உயர்ந்த இதழ்களில் சுமார் 1,000 டாலர் வரை. கிடைக்கும் வருவாய்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தத் தொழிலின் மொத்த வருவாயைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கட்டுரை ஒன்றுக்குச் சுமார் 5,000 டாலர் வந்தது. நடுவில் இருக்கும் பள்ளத்தை முழுக்க லாபம் என்று சொல்லிவிட முடியாது. விற்பனை, நிர்வாகம், புதிய தொழில்நுட்ப முதலீடு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அவற்றில் பல நூலகம் கேட்டு வாங்கியவை அல்ல.

சேர்க்கப்படும் மதிப்பு விலையோடு சேர்ந்து ஏறுகிறதா என்பதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. வைலி நிறுவனம் 2021 ஜனவரியில் ஹிந்தாவி என்ற திறந்த அணுக்கப் பதிப்பகத்தை (கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற முறை) 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் மட்டும் ஹிந்தாவி இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் கட்டுரைத் தொழிற்சாலைகள் சிறப்பிதழ்கள் வழியாக உள்ளே புகுந்திருந்தன. கடைசியில் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய முதல் வேலை வாசல் காப்பதுதான். அங்கே அது நடக்கவில்லை.

லாப விகிதம் எவ்வளவு?

மிகப் பெரிய பதிப்பகமான எல்செவியர் 2010-இல் சுமார் 200 கோடி பவுண்டு வருவாயில் 72.4 கோடி பவுண்டு செயல்பாட்டு லாபம் காட்டியது: 36 சதவீதம். அதன் தாய் நிறுவனமான ரெல்எக்ஸின் அறிவியல், மருத்துவப் பிரிவு 2023-இல் காட்டியது 38 சதவீதம். விலை ஏற்றத்துக்குச் செலவு ஏற்றமே காரணம் என்றால் இந்த விகிதம் எங்காவது ஒரு முறையாவது இறுகியிருக்க வேண்டும். அச்சுக்கும் தபாலுக்கும் ஆன செலவு பெருமளவு மறைந்துபோன ஆண்டுகள் இவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

விலை பிடிக்கவில்லை என்றால் மலிவான வேறு இதழை வாங்கலாமே?

நிதிப் பிரிவில் இருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அவர்கள் மேல் தப்பில்லை. நாற்காலியோ கணினியோ வாங்கினால் அப்படித்தான் செய்வோம். ஆனால் ஒரு கட்டுரைக்கு மாற்றாக இன்னொரு கட்டுரை கிடையாது. உங்களுக்கு வேண்டிய கண்டுபிடிப்பு ஒரே ஓர் இடத்தில்தான் வெளியாகியிருக்கும். ஒவ்வோர் இதழும் தன்னளவில் ஒரு சின்ன ஏகபோகம். பெர்கமான் பதிப்பகத்தை வளர்த்த ராபர்ட் மேக்ஸ்வெல் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலேயே இதைப் புரிந்துகொண்டவர். புதிய துறை தோன்றியதும் அதற்கு ஓர் இதழைத் தொடங்கினால் நூலகங்கள் அதையும் வாங்கித்தான் ஆக வேண்டும். 1991-இல் பெர்கமான் எல்செவியரிடம் போனது. 2013-இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் வெறும் 5 நிறுவனங்களின் கையில் இருந்தன என்று லாரிவியேர் குழுவினரின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

இன்னொன்று, தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர். எந்த இதழ் வேண்டும் என்று சொல்லும் பேராசிரியருக்கு அதன் விலை தெரியாது. ஒருமுறை, சந்தா நிறுத்தலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த ஓர் இதழுக்காக ஒரு மூத்த பேராசிரியர் என் அறைக்கே வந்துவிட்டார். "அதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா" என்றார். "கடைசியா எப்ப சார் அதுல ஒரு கட்டுரை படிச்சீங்க?" என்று கேட்டேன். யோசித்தார். "ரெண்டு வருஷம் இருக்கும். ஆனா என் மாணவங்க அதுலதான் வெளியிடணும்னு நினைக்கிறாங்க. நம்ம லைப்ரரியிலேயே அது இல்லன்னா நல்லாவா இருக்கும்?" அவர் சொன்னதில் கள்ளம் எதுவும் இல்லை. பணி நியமனமும் பதவி உயர்வும் இதழின் பெயரைப் பார்த்து நடக்கும்வரை அந்தப் பெயருக்கு ஒரு விலை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மதிப்பைக் கொடுப்பது நம் தேர்வுக் குழுக்கள். நாமே கொடுத்த மதிப்புக்கு நாமே சந்தா கட்டுகிறோம்.

'பிக் டீல்' என்கிறார்களே, அது என்ன?

ஒரு பதிப்பகத்தின் எல்லா இதழ்களையும், அல்லது பெரும்பாலானவற்றை, ஒரே மூட்டையாக விற்பது. 1996 வாக்கில் அகாடமிக் பிரஸ் இந்த முறையைத் தொடங்கியது. 'நீங்கள் இப்போது அச்சு இதழ்களுக்குக் கட்டும் தொகையோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டுங்கள், எல்லா இதழ்களும் இணையத்தில் உங்களுக்கு' என்றார்கள். அன்றைக்கு அது நல்ல பேரமாகத்தான் தெரிந்தது. பிக் டீல் ஒரு பொறி, உள்ளே போனால் வெளியே வருவது கடினம் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகத் தலைவர் கென் ஃப்ரேசியர் 2001-லேயே எச்சரித்தார்.

விலைக்கும் மதிப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இந்த பிக் டீல் விலைகளில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தியடோர் பெர்க்ஸ்ட்ராமும் அவருடைய சகாக்களும் தகவல் அறியும் சட்டங்களைப் பயன்படுத்திப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கினார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத்தை வெளியே விடாமல் தடுக்க எல்செவியர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2014-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் ஓர் இணை வருகிறது. 2009-இல் எல்செவியர் மூட்டைக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் கட்டியது 21.6 லட்சம் டாலர். மாணவர் எண்ணிக்கையில் அதற்கு நிகரான விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கட்டியது 12.2 லட்சம் டாலர்.

மிச்சிகன்காரர்களுக்கு அந்தக் கட்டுரைகள் முக்கால் பங்கு கூடுதல் மதிப்பைத் தந்தனவா? இல்லை. பழைய அச்சுக் காலத்தில் யார் எத்தனை சந்தா வைத்திருந்தார்கள், யார் எவ்வளவு பிடிவாதமாகப் பேரம் பேசினார்கள் என்பதைப் பொறுத்து விலை அமைந்தது. அந்த அடித்தொகையின் மேல்தான் ஆண்டுதோறும் சதவீத உயர்வு ஏறிக்கொண்டே வந்தது.

இதைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் ரகசியக் காப்பு நிபந்தனை போட்டிருந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011-இல், இனி அப்படிப்பட்ட நிபந்தனையில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று அறிவித்தது. ஒவ்வொரு நூலகமும் செய்ய வேண்டியது அது.

எல்லாப் பதிப்பகங்களும் இப்படித்தானா?

இல்லை. அதே 2014 ஆய்வில், ஒரு மேற்கோளுக்கு (பிற ஆய்வாளர்கள் அந்த இதழின் கட்டுரையைச் சுட்டுவது) ஆகும் செலவு என்ற அளவுகோலில் லாப நோக்கமில்லாத பதிப்பகங்கள் வணிகப் பதிப்பகங்களைவிடப் பல மடங்கு மலிவாக இருந்தன. ஆனால் 'அறிவியல் சங்கம் நடத்துகிறது' என்றாலே விலை நியாயமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இதழ் வருமானத்தில் சங்கத்தையே நடத்துபவர்களும் இருக்கிறார்கள். விலைப்பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திறந்த அணுக்கம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

வாசகருக்குத் தீரும். பணம் கட்டுபவருக்கு இடம் மட்டும் மாறும். இப்போது வாசிக்க அல்ல, வெளியிடக் கட்டணம். 2003-இல் பிலாஸ் என்ற திறந்த அணுக்கப் பதிப்பகம் தன் முதல் இதழைத் தொடங்கியபோது கட்டுரைக்கு 1,500 டாலர் வைத்தது. நேச்சர் 2021-லிருந்து திறந்த அணுக்கத்துக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ.

கட்டணம் மதிப்பைக் காட்டுகிறதா என்று இதழை நடத்துபவர்களே கேட்ட சம்பவம் ஒன்று உண்டு. எல்செவியரின் நியூரோஇமேஜ் மூளைப் படிமவியலில் முன்னணி இதழ். அப்போது அதில் ஒரு கட்டுரை வெளியிடக் கட்டணம் 3,450 டாலர். இது நியாயமில்லை, குறையுங்கள் என்று இதழாசிரியர்கள் கேட்டார்கள். சந்தை நிலவரப்படிதான் இருக்கிறது என்று பதில் வந்தது. 2023 ஏப்ரலில் 40-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் மொத்தமாக விலகி, எம்ஐடி பிரஸ்ஸில் இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள்.

இது முதல் முறை அல்ல. கணினியியல் மேதை டொனால்ட் குனூத் 2003-இல், தான் குழுவில் இருந்த ஜர்னல் ஆஃப் அல்கோரிதம்ஸ் இதழின் விலை எப்படி ஏறியது என்று விரிவாக எடுத்துக்காட்டிச் சக ஆசிரியர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். குழுவே விலகியது. கணிதத்தில் டோபாலஜி இதழின் குழு 2006-இல் விலகியது. மொழியியலில் லிங்குவாவின் குழு 2015-இல் விலகி க்ளோசாவைத் தொடங்கியது. இப்படி விலகும்போது பழைய பதிப்பகத்திடம் மிஞ்சுவது என்ன? பெயர், இணையதளம், பழைய கோப்புகள். ஆசிரியர்களும் மதிப்பாய்வாளர்களும் எழுத்தாளர்களும் புது வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதழின் மதிப்பு யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம் என்று நடப்பவையும் இருக்கின்றன. ஆர்க்கைவ் தளம் 1991-லிருந்து இயங்குகிறது. லத்தீன் அமெரிக்காவின் சைலோ வலையமைப்பு பொது நிதியின் ஆதரவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கான இதழ்களைத் தாங்கி நிற்கிறது; அவற்றில் சில எழுதுபவரிடம் கட்டணம் வாங்குவதும் உண்டு.

சந்தாவை நிறுத்தினால் ஆய்வு நின்றுவிடாதா?

எல்லாருக்கும் இருக்கும் பயம் இது. எனக்கும் இருந்தது. நடந்ததைப் பாருங்கள். ஸ்வீடன் 2018-இல் எல்செவியர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2019 இறுதியில் புதிய ஒப்பந்தம் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் வெளியேறி, 2021 மார்ச்சில் தன் நிபந்தனைகளுக்கு நெருக்கமான ஒப்பந்தத்தோடு திரும்பியது. ஜெர்மன் நிறுவனங்களில் சுமார் 200 இடங்கள் எல்செவியரின் புதிய கட்டுரைகள் இல்லாமல் பல ஆண்டுகள் இருந்தன. 2023 செப்டம்பரில்தான் உடன்பாடு. ஆய்வு எங்கும் நிற்கவில்லை. சிரமம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மருத்துவத் துறையினர் நிறையவே சிரமப்பட்டார்கள்.

நாங்கள் ஒரு பெரிய மூட்டையைப் பிரித்து, தேவையான இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டபோது நான் கவனித்தது இது. நிறுத்திய இதழ்களிலிருந்து கட்டுரை கேட்டு வந்த கோரிக்கைகளை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்தேன். முதல் வாரம் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. வந்த கோரிக்கைகள் பழைய பதிவிறக்க எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை. பாதிக்கு மேல் கட்டுரையாசிரியரின் சொந்தப் பக்கத்திலோ அவருடைய நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்திலோ இலவசமாகவே கிடைத்தன. மீதியை மற்ற நூலகங்களிலிருந்து வாங்கிக் கொடுத்தோம். ஓர் ஆய்வு மாணவி மட்டும் மறுநாள் காலைக்குள் வேண்டும் என்று கண்கலங்கி வந்து நின்றாள். அவளுக்கு அந்த இரவே கட்டுரையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். காலையில் கோப்பு வந்திருந்தது.

விலை உயர்வுக் கடிதம் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

முதலில், போன ஆண்டைவிட இந்த ஆண்டு நீங்கள் புதிதாகச் செய்த வேலை என்ன என்று கேளுங்கள். 'மதிப்பு அதிகம்' என்பதும் 'மதிப்பு கூடியிருக்கிறது' என்பதும் வேறு. உயர்வைக் கேட்பவர் இரண்டாவதைக் காட்ட வேண்டும். அடுத்து, இதழ்வாரியாகப் பயன்பாட்டுக் கணக்கை, ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை ஒரு முறை மட்டும் எண்ணும் கணக்கில் கேளுங்கள். அதில் ஏற்கெனவே திறந்த அணுக்கத்தில் உள்ளவற்றைக் கழியுங்கள். அவற்றுக்கு யாரோ ஏற்கெனவே வெளியீட்டுக் கட்டணம் கட்டிவிட்டார்கள். நாம் மறுபடி கட்டினால் இரட்டைக் கட்டணம். பூஜ்யப் பயன்பாட்டு இதழ்கள் எத்தனை என்று பாருங்கள். பெரிய மூட்டை எதிலும் அவை இல்லாமல் இருக்காது. அப்புறம் உங்கள் நிறுவனத்தார் அந்தப் பதிப்பகத்துக்கு ஓராண்டில் எத்தனை கட்டுரை எழுதினார்கள், எத்தனை பேர் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள் என்று எண்ணி, அந்தத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு பேச்சுக்குப் போங்கள். பிரதிநிதியிடம் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். விலையைத் தீர்மானிப்பவர் அவர் இல்லை.

நிறுத்தினால் இத்தனை ஆண்டு பணம் கட்டிய பழைய இதழ்களும் போய்விடுமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நிரந்தர அணுக்கம் என்ற பிரிவு இருந்தால், சந்தா கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் உங்களுடையவை. ஆனால் மூட்டையில் கூடுதலாக வந்த இதழ்களுக்கு அந்த உரிமை பெரும்பாலும் இருக்காது. அவை வாடகைக்கு வந்தவை. எந்த இதழ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற பட்டியலைப் பதிப்பகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாங்க வேண்டியது சந்தா நடப்பில் இருக்கும்போதே. நிறுத்திய பிறகு கேட்டால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.